1970 ஃபியட் டிலைட்டுக்கு உதிரி பாகங்களும் பிறந்த நிறமும் தேடிய அனுபவம்

மும்பையில் பழைய ஃபியட் ஒன்றைப் புதுப்பிக்க நினைக்கும் நண்பர்கள் என்னிடம் முதலில் கேட்பது, சாமான் எந்தக் கடையில் கிடைக்கும் என்பதுதான். கடைகளைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். செம்பூரில் வசிக்கும் என் பெரியப்பாவின் 1970ஆம் ஆண்டு ஃபியட் 1100 டிலைட்டை அதன் பழைய உருவத்துக்கும் நிறத்துக்கும் கொண்டுவந்த பிறகு எனக்கு உறுதியாகத் தோன்றுவது, கடைத்தெருவுக்குப் போகும் முன்பே வண்டியைப் பொறுமையாகப் படித்து முடித்துவிட வேண்டும் என்பதே. எந்தப் பாகம் தொழிற்சாலையில் பூட்டியது, எது இடையில் ஏதோவொரு பட்டறையில் மாற்றியது, மேலே தெரியும் பெயின்டுக்கு அடியில் எத்தனை பூச்சுகள் இருக்கின்றன, அவற்றுள் முதலாவது எது என்ற கேள்விகளுக்கெல்லாம் நம்பத்தக்க விடை வண்டியிலேயே இருக்கிறது. கடைக்காரரின் நினைவிலோ, குடும்பத்தாரின் நினைவிலோ, ஆல்பத்துப் புகைப்படத்திலோ இல்லை.

இந்த வண்டியின் பரம்பரையைத் தெரிந்துகொண்டால் பணமும் அலைச்சலும் மிச்சமாகும். வால்சந்த் ஹீராசந்த் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனம், குர்லாவில் இருந்த தன் தொழிற்சாலையில் 1964 முதல் ஃபியட் 1100 டிலைட்டைத் தயாரித்தது. அதே வண்டி 1970களின் தொடக்கத்தில் பிரீமியர் பிரசிடென்ட் என்றும், 1974 முதல் பிரீமியர் பத்மினி என்றும் பெயர் மாறி, புத்தாயிரம் பிறக்கும் வரை அடிப்படை அமைப்பில் பெரிய மாற்றம் இல்லாமலேயே வெளிவந்தது. 68 மில்லிமீட்டர் சிலிண்டர் விட்டமும் 75 மில்லிமீட்டர் பிஸ்டன் வீச்சும் கொண்ட 1089 சிசி பெட்ரோல் எஞ்சின், நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக், பின்பக்க லீஃப் ஸ்பிரிங் ஆகியவை ஒரே வம்சத்தவை. ஆகவே இயந்திரப் பகுதிகளுக்குப் பத்மினிச் சாமான் பெரும்பாலும் பொருந்திவிடும். முகப்புக் கிரில், பம்பர், விளக்குகள், டாஷ்போர்டு, இருக்கையின் ரெக்சின் தையல் போன்ற வெளித்தோற்றப் பாகங்கள் காலத்துக்குக் காலம் மாறியவை. அவற்றில் பிற்காலச் சாமானை மாட்டினாலும் வண்டி நன்றாகவே ஓடும், ஆனால் அது டிலைட்டாக இருக்காது. இன்னொரு பக்கம், முன்கதவுகள் பின்புறக் கீலில் திறக்கும் பழைய உருண்டை வடிவ ஃபியட்டும் இருக்கிறது. மும்பைக்காரர்கள் அதை 'டுக்கர் ஃபியட்' என்பார்கள். அதன் உடற்பாகங்களை டிலைட்டுக்கு என்று யாராவது விற்க முன்வந்தால் கதவின் கீலைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

இந்த நகரத்தில் எந்தச் சாமான் மலிந்து கிடக்கிறது, எது அரிது என்பதைத் தீர்மானித்தவை டாக்சிகள்தாம். பல பத்தாண்டுகளுக்கு மும்பையின் கறுப்பு மஞ்சள் டாக்சி என்றாலே பத்மினி என்றிருந்தது. 20 ஆண்டு வயது வரம்பின் காரணமாக, 2003 அக்டோபரில் பதிவான கடைசி பத்மினி டாக்சி 2023 அக்டோபர் இறுதியோடு ஓட்டத்தை நிறுத்திக்கொண்டது. டாக்சிகள் தேய்த்தவை கிளட்ச் தகடு, கிங்பின், பிரேக் லைனிங், தண்ணீர் பம்பு, டைனமோ ஆகியவை. அதனால் இவற்றைச் செய்தவர்களும் விற்றவர்களும் ஏராளம், இன்றும் பழைய இருப்பு அங்கங்கே வெளிப்படுகிறது. ஆனால் எந்த டாக்சிக்காரரும் குரோமியப் பட்டைக்காகவோ சக்கர மூடிக்காகவோ காசு செலவழித்ததில்லை. எனவே எஞ்சினுக்கு வேண்டியது கிடைத்துவிடும், அலங்காரத்துக்கு வேண்டியதற்குத்தான் அலைய வேண்டும் என்ற கணக்கோடு தொடங்குவதே சரி. பணத்தையும் அந்த விகிதத்தில்தான் ஒதுக்க வேண்டும். டாக்சிகள் ஓயும்போது அவற்றை நம்பியிருந்த சிறு கடைகளும் ஒவ்வொன்றாகச் சரக்கைத் தள்ளிவிடும் என்பதால், இயந்திரச் சாமானிலும் அடிக்கடி தேய்பவற்றை ஒரு செட் கூடுதலாக வாங்கி வைப்பது வீண் செலவாகாது.

வண்டியைப் பிரித்தது சயான் கோலிவாடா பக்கத்தில் பட்டறை வைத்திருக்கும் திருநெல்வேலிக்காரர் ஒருவர். அவரை நான் அண்ணாச்சி என்றே அழைப்பேன். முதல் நாளே அவர் சொன்ன ஒரு வார்த்தை எனக்கு நெடுகப் பயன்பட்டது: "வண்டி பேரச் சொல்லிக் கேட்டா அவன் கையில இருக்கிறதத்தான் கொடுப்பான் சார். அளவச் சொல்லிக் கேளுங்க." பேரிங்கின் ஓரத்தில் பொறித்திருக்கும் எண் உலகம் முழுவதற்கும் பொதுவானது. 6204 என்று இருந்தால் உள்விட்டம் 20, வெளிவிட்டம் 47, தடிமன் 14 மில்லிமீட்டர். அது எந்த வண்டியிலிருந்து கழன்றது என்பது பேரிங் கடைக்காரருக்குத் தேவையே இல்லை. ஆயில் சீலும் அப்படித்தான்: உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் என்ற மூன்று அளவுகள் போதும். 'ஃபியட் சீல் இல்லை' என்று கைவிரித்த அதே கடையில், அளவுகளை எழுதிக் கொடுத்தபோது புதிய, தரமான சீலை உடனே எடுத்துத் தந்தார்கள். ஆகவே கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் வெர்னியர் காலிபரால் அளந்து, படம் எடுத்து, பையில் போட்டு, சீட்டு ஒட்டி வைத்தோம். மாதுங்காவில் வாங்கிய கோடு போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்று முழுக்க இந்த அளவுகளால் நிரம்பியது.

போல்ட்டுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஃபியட் மெட்ரிக் அளவு வண்டி. ஸ்டாண்டர்ட் ஹெரால்டு போன்ற ஆங்கிலேய வம்ச வண்டிகளின் அங்குல மரை இதில் ஏறாது. மெட்ரிக்கிலும் ஒரு நுணுக்கம் உண்டு. சாதாரண ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் 10 மில்லிமீட்டர் போல்ட்டின் மரை இடைவெளி 1.5 மில்லிமீட்டர், வாகனங்களில் பல இடங்களில் 1.25 இடைவெளி கொண்ட நுண்மரை வரும். முதல் இரண்டு சுற்று கையால் எளிதாக ஏறாத எந்தப் போல்ட்டையும் ஸ்பேனர் போட்டு இறுக்கக் கூடாது. அரை நூற்றாண்டு தாங்கிய மரை அந்த ஒரு இறுக்கலில் வழுக்கிப்போகும்.

இனிக் கடைகள். புதிய சாமானுக்கு ஓபரா ஹவுஸ் வட்டாரத்துக் கடைகளும், கழற்றிய சாமானுக்குக் குர்லாவிலிருந்து கலினா செல்லும் சி.எஸ்.டி. சாலையும், அபூர்வமான சில்லறைப் பாகங்களுக்குச் சோர் பஜாரின் மட்டன் தெருவும் என் அனுபவத்தில் பலன் தந்தவை. ஊருக்குப் போகும்போது சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையையும் புதுப்பேட்டையையும் விட்டுவிடக் கூடாது. இந்த வண்டிகளின் மின்கருவிகள் பலவற்றைச் செய்த லூகாஸ் டிவிஎஸ் நிறுவனம் 1960களின் தொடக்கத்திலிருந்து சென்னை பாடியில் இயங்குவது என்பதாலோ என்னவோ, டைனமோ, டிஸ்ட்ரிபியூட்டர் சாமான்கள் மும்பையைவிட அங்கு எனக்கு எளிதாகக் கிடைத்தன. தில்லியில் உறவினர் இருந்தால் காஷ்மீரி கேட் சந்தையிலும் விசாரிக்கச் சொல்லலாம். எங்கே போனாலும் பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோக வேண்டும். கொண்டுபோக முடியாத அளவு பெரியது என்றால் அளவுச் சீட்டையும், பக்கத்தில் ஸ்கேல் வைத்து எடுத்த படத்தையும் கொண்டுபோக வேண்டும்.

பெட்டி பிரிக்காத பழைய இருப்பு என்றதும் எல்லாவற்றையும் வாங்கிக் குவிக்கத் தோன்றும். இரும்பும் கண்ணாடியும் என்றால் தாராளமாக வாங்கலாம். ரப்பர் மட்டும் வேண்டாம். அலமாரியில் கிடந்தாலும் ரப்பர் மூப்படைகிறது. ஓசோனும் வெப்பமும் அதை இறுகச் செய்து வெடிப்பு விழ வைக்கின்றன. பிரேக் ஹோஸ், சக்கர சிலிண்டரின் வாஷர்கள், பெட்ரோல் குழாய் ஆகியவை பெட்டியில் எவ்வளவு அழகாக இருந்தாலும் உயிருக்கு உலை வைக்கக்கூடியவை; இவற்றைப் புதிதாகச் செய்ததையே வாங்க வேண்டும். முன்கண்ணாடியையும் இன்றைய லேமினேட்டட் வகையாகவே போட்டோம். அசலைப் பேணுவதில் எனக்கு எவ்வளவு பிடிவாதம் இருந்தாலும், பிரேக்கிலும் கண்ணாடியிலும் அந்தப் பிடிவாதத்தைக் காட்ட மாட்டேன்.

குரோமியச் சாமானை வாங்குவோர் ஒரு சிறு காந்தத்தைச் சட்டைப் பையில் வைத்திருப்பது நல்லது. காந்தம் ஒட்டினால் எஃகு. ஒட்டாவிட்டால் பித்தளையாகவோ, கடைக்காரர்கள் மசாக் என்று சொல்லும் துத்தநாகக் கலவை வார்ப்பாகவோ இருக்கும். எஃகும் பித்தளையும் துரு நீக்கி, செம்பு, நிக்கல், குரோமியம் என்று வரிசையாக மீண்டும் முலாம் ஏற்றினால் புதிதுபோல் வரும். பளபளப்புக்குக் கனம் தருவது நிக்கல்தான், குரோமியம் மெல்லிய மேற்பூச்சு. எனவே 'குரோமியம் மட்டும் போதும்' என்று விலை குறைத்துப் பேசும் முலாம் பட்டறையைத் தவிர்க்கலாம். மசாக் வார்ப்பில் சிறு கொப்புளங்கள் தெரிந்தால் அரிப்பு உள்ளே இறங்கிவிட்டது என்று பொருள். அதைத் தேய்க்கத் தேய்க்கக் குழிகள் பெருகும். அத்தகைய பாகத்துக்கு, விலை கூடினாலும் கொப்புளமில்லாத இன்னொன்றைத் தேடுவதே வழி. எங்கள் வண்டிக்கு இடப்பக்கப் பின்விளக்கின் குடுவை அப்படித்தான் இருந்தது; சோர் பஜாரில் ஒரு பெரியவர் சாக்கு மூட்டையைக் கொட்டித் தேடிக்கொடுத்தார். அவர் கேட்ட விலையைக் குறைக்க நான் முயலவில்லை. இத்தகையவர்கள் சாக்கு மூட்டைகளைப் பழைய இரும்பு விலைக்குப் போடாமல் காத்து வருவதால்தான் நம் வண்டிகள் உயிரோடு இருக்கின்றன.

தகர வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மும்பை மழையிலும் உப்புக் காற்றிலும் தரைத் தகடும் கதவின் அடிவிளிம்பும் கரைந்திருந்தன. அழுகிய பகுதியை வெட்டி எறிந்து புதுத் தகடு பற்றவைத்தோம். பட்டி பூசி மறைக்கும் வேலைக்கு அண்ணாச்சி இடம் கொடுக்கவில்லை.

நிறத்துக்கு வருகிறேன். எனக்குத் தெரிந்த நாளிலிருந்து வண்டி வெள்ளை. பதிவுச் சான்றிதழில் நிறம் என்ற இடத்தில் 'பச்சை' என்ற ஒரு சொல் மட்டும் இருந்தது. பெரியப்பா சாம்பல் கலந்த நீலம் என்று சாதித்தார். பெரியம்மா, இல்லை, வெளிறிய பச்சைதான் என்றார். ஆல்பத்தில் இருந்த வண்ணப்படத்தில் வண்டி ஏறக்குறைய பழுப்பாகத் தெரிந்தது. அந்தக் கால வண்ண அச்சுகளில் நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்கி, படம் முழுவதும் சிவப்பு ஏறிவிடுவது பொதுவான நிகழ்வு. அதைக் கைப்பேசியில் மறுபடி படம் பிடித்து நிறம் கணிப்பது பிழையின் மேல் பிழை சேர்ப்பதாகும்.

ஆகவே பூச்சு இருக்கும் இடங்களைத் தேடினோம். மறுபூச்சு அடிப்பவர் கண்ணுக்குத் தெரியும் இடத்தில்தான் அடிப்பார். கதவின் உட்பக்க அட்டையைக் கழற்றினால் தெரியும் தகடு, பின்விளக்கின் ரப்பர் கேஸ்கட்டுக்கு அடியில், டிக்கியில் ஸ்டெப்னி படுக்கும் பள்ளம், டாஷ்போர்டின் அடிப்பக்கம், கதவைச் சுற்றிய ரப்பர்ப் பட்டையான பீடிங் கவ்வும் விளிம்பு ஆகிய இடங்களில் முதல் பூச்சு தப்பிப் பிழைத்திருக்கும். வெளித்தகட்டில் பூச்சுகளின் வரிசையை அறிய, ஒரு நாணய அளவு இடத்தை 1500ஆம் எண் தண்ணீர்த் தாளால் (நீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) சாய்வாகத் தேய்த்தால் மரத்தின் ஆண்டு வளையங்கள்போல் ஒவ்வொரு பூச்சும் வட்டமாக வெளிப்படும். பழைய பூச்சுகளில் ஈயச் சேர்மங்கள் இருக்கக்கூடும் என்பதால் உலர்வாகத் தேய்க்கக் கூடாது. நீர் விட்டு, முகக்கவசம் அணிந்து, குழந்தைகள் இல்லாத இடத்தில் செய்ய வேண்டும்.

எந்தப் பூச்சு எந்த வகை என்பதை அறிய எளிய சோதனை உண்டு. வெள்ளைத் துணியில் தின்னரை நனைத்து மறைவான இடத்தில் தேய்த்தால், நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் கரைந்து துணியில் நிறம் ஏறும்; தொழிற்சாலையில் சூட்டடுப்பில் சுட்டு உறைய வைத்த எனாமல் எளிதில் கரையாது. கதவின் உள்விளிம்பில் வெள்ளையும் அதன் கீழிருந்த பழுப்பு வெள்ளையும் துணியோடு வந்துவிட்டன. அதற்கு அடியில் இருந்த பூச்சு அசையவில்லை. மேலே உள்ளவை பட்டறைப் பூச்சுகள், கீழே உள்ளது பெரும்பாலும் தொழிற்சாலைப் பூச்சு என்று அப்போது தெளிவாயிற்று. தேய்க்காமலேயே, தின்னரால் மட்டும், உள்ளங்கை அகலத்துக்கு முதல் பூச்சைச் சேதமின்றி வெளிக்கொணர முடிந்தது. அது நீலத்துக்கும் பச்சைக்கும் இடையில் நிற்கும், சாம்பல் சாயல் கொண்ட ஒரு நிறம். பெரியப்பா, பெரியம்மா இருவர் சொன்னதும் அதற்குள் இருந்தது.

ஆனால் அதை அப்படியே நகல் எடுக்கக் கொடுக்கக் கூடாது. வெயில் பட்ட பூச்சின் மேல்தோல் வெளுத்துச் சுண்ணாம்பு படிந்ததுபோல் இருக்கும். மெருகேற்றும் பசையான கம்பவுண்டு போட்டு மெல்லத் தேய்த்தால்தான் உள்நிறம் தெரியும். இருட்டிலேயே இருந்த பூச்சுக்கு வேறு சிக்கல். எண்ணெய் சார்ந்த ஆல்கிட் எனாமல், வெளிச்சம் படாத இடத்தில் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் மஞ்சள் பாரிக்கும். நீலச் சாயல் கொண்ட வெளிர் நிறத்தில் மஞ்சள் ஏறினால் அது பச்சையாகத் தெரியும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்த மஞ்சள் ஓரளவு வெயிலில் வெளுக்கக்கூடியது. டாஷ்போர்டின் அடியில் திருகியிருந்த சிறு தகடு ஒன்றைக் கழற்றிச் சன்னலோர வெயிலில் சில நாட்கள் வைத்தோம். பச்சை சற்றுக் குறைந்து சாம்பல் நீலம் மேலெழுந்தது. கம்பவுண்டு போட்ட கதவு விளிம்பும் வெயில் பட்ட தகடும் கிட்டத்தட்ட ஒன்றாக வந்த பிறகே, அதுதான் நிறம் என்று முடிவு செய்தேன்.

பெயின்ட் கலக்கும் கடையில் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் என்ற கருவி இருக்கும். அது மாதிரியின் மேல் ஒளியைப் பாய்ச்சி, திரும்பும் ஒளியை அளந்து, தன் நினைவகத்தில் உள்ள வாய்பாடுகளில் மிக நெருங்கியதைத் தரும். நெருங்கியதுதானே தவிர அதுவே அல்ல. பழைய நிறமிகளுக்குப் பதிலாக இன்று வேறு நிறமிகள் பயன்படுவதால், கடையின் குழல் விளக்கில் ஒன்றாகத் தெரியும் இரண்டு பூச்சுகள் வெயிலில் பிரிந்து தெரியலாம். எனவே கலந்ததை அட்டையில் தூரிகையால் தீட்டிப் பார்க்காமல், வண்டிக்கு அடிக்கப்போகும் அதே பிரைமர் அடித்த தகட்டில் ஸ்பிரே துப்பாக்கியால் அடித்து, முழுதாக உலரவிட்டு, முற்பகலில் திறந்த வானத்தின் கீழ் நிழலிலும், பிறகு நேர் வெயிலிலும், இரவில் விளக்கிலும் அசல் தகட்டின் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஈரத்தில் நிறம் ஒரு மாதிரியும் உலர்ந்தபின் ஒரு மாதிரியும் இருக்கும். நிறம் கலப்பவர் பொறுமையானவராக இருந்தால் அது பெரும் பேறு. எங்களுக்கு வாய்த்தவர் கறுப்பைத் துளித்துளியாக விட்டுச் சாம்பல் சாயலைப் பிடித்தார். ஒப்புதல் ஆனதும், எந்த நிறமி எத்தனை கிராம் என்ற வாய்பாட்டை எழுதி வாங்கிக்கொண்டோம். அந்தத் தாள் இல்லாமல் கடையை விட்டு வரக் கூடாது. முழு வண்டிக்கும் போதுமான பெயின்டை ஒரே கலவையாக வாங்குவதும் முக்கியம். இரண்டாம் முறை கலந்தால் கதவுக்கும் மட்கார்டுக்கும் வேற்றுமை தெரியும்.

எந்த வகைப் பெயின்ட் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் பழைய மென்மையான மெருகைத் தரும், ஆனால் ஈரக்காற்றில் அடித்தால் கரைப்பான் ஆவியாகும் குளிர்ச்சியில் மேற்பரப்பில் நீர் படிந்து பால்போல் வெளுத்துவிடும், பராமரிப்பும் அதிகம். ஹார்டனர் என்ற கெட்டிப்படுத்தும் திரவத்தைக் கலந்து அடிக்கும் டூ-கே பாலியூரித்தேன் மழைக்கும் வெயிலுக்கும் தாங்கும். செம்பூரில் திறந்தவெளியில் நிற்கும் வண்டி என்பதால் டூ-கேயைத் தேர்ந்தெடுத்தோம். மேலே தனியாக கிளியர் கோட் என்ற நிறமற்ற பூச்சை அடிக்கவில்லை. நிறமும் பளபளப்பும் ஒரே பூச்சில் வரும் வகையை அடித்து, நுண்தாளால் தேய்த்து மெருகேற்றியதால் அந்தக் கால வண்டிக்கு ஒவ்வாத கண்ணாடிப் பளபளப்பு வரவில்லை. இதன் ஹார்டனரில் மூச்சுக்குக் கேடான ஐசோசயனேட் இருக்கிறது. அடிப்பவருக்குத் துணியைக் கட்டிக்கொள்வது காப்பாகாது; வெளியிலிருந்து காற்று வரும் முகமூடி வேண்டும். அது இல்லாத பட்டறையில் அடிக்கச் சொல்லக் கூடாது என்பதில் வண்டி உரிமையாளருக்கும் பொறுப்பு உண்டு. எந்தப் பெயின்ட் ஆனாலும் மும்பையில் தீபாவளிக்குப் பிறகு, காற்றில் ஈரம் குறையும் மாதங்களில் அடிப்பதே நல்லது.

முதல் பதிவின்போது இருந்த நிறத்துக்கே வண்டி திரும்பியதால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நிறமாற்றம் பதிய வேண்டிய தேவை எழவில்லை. வேறு நிறம் அடிப்பவர்கள் அதைச் சான்றிதழில் ஏற்றிவிட வேண்டும். 2021இல் வந்த விதியின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, பெரிய மாற்றமின்றிப் பேணப்படும் வண்டிகளுக்கு 'வி.ஏ.' என்ற எழுத்துகள் கொண்ட விண்டேஜ் எண் பெறலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் சாலையில் ஓட்ட அனுமதி இல்லை. பெரியப்பாவை ஞாயிறுதோறும் மாதுங்காவுக்கு அழைத்துப்போக வேண்டிய வண்டி இது. ஆகவே பழைய எண்ணையே ஐந்தாண்டுக்கு ஒரு முறை புதுப்பித்து வைத்துக்கொள்வதென்று முடிவு செய்தோம்.

மிஞ்சிய பெயின்டைக் காற்றுப் புகாத சிறு டப்பாவில் விளிம்பு வரை நிரப்பி மூடி, வாய்பாட்டுத் தாளின் நகலை அதன் மேல் ஒட்டி வைத்திருக்கிறோம். கீறல் விழுந்தால் அதிலிருந்தே எடுக்கலாம். ஹார்டனரை மட்டும் சேமிக்கவில்லை. திறந்த டப்பாவை மும்பை ஈரக்காற்று விரைவில் கெட்டியாக்கிவிடும் என்பதால் அதை அவ்வப்போது சிறிய அளவில் புதிதாக வாங்கிக்கொள்கிறோம்.